ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தங்கைகளே, தம்பிகளே,

வேலை முடிந்து, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, வழியில் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஃபிரிட்ஜைத் திறந்தால் நறுக்கி வைத்த பாதி வெங்காயமும் வாடிப்போன கொத்தமல்லியும் இருக்கின்றன. காய் இல்லை, மாவும் தீர்ந்துவிட்டது. வீட்டில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போனை எடுக்கிறீர்கள்.

ஃபிரிட்ஜை மூடிவிட்டு மளிகை அலமாரியைத் திறங்கள். அரிசி இருக்கிறது, துவரம் பருப்பு இருக்கிறது. உப்புமா வேண்டாம் என்று யாரோ சொன்னதிலிருந்து தொடாமல் கிடக்கும் ரவை இருக்கிறது. அரை பாக்கெட் சேமியா, அவல், பொட்டுக்கடலை, புளி, அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய் எல்லாம் இருக்கின்றன. ஊருக்குப் போனபோது அம்மா கட்டிக் கொடுத்த சுண்டைக்காய் வத்தலும் ஏதோ ஒரு டப்பாவில் இருக்கும். ஒரு வாரத்து ராத்திரிச் சாப்பாடு இதற்குள் அடக்கம்.

சமையல் பற்றிப் பல வருஷங்களாக எழுதிவருகிறேன். எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் குறைவு. என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் அதிகம். வேலையை விட அந்த யோசனைதான் ஆளைக் களைப்படைய வைக்கிறது. அந்தக் களைப்புக்குக் காரணம் நம் மனதில் பதிந்திருக்கும் ஒரு இலை. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், தயிர். இத்தனையும் இருந்தால்தான் சாப்பாடு, இல்லாவிட்டால் ஏதோ ஒப்பேற்றியது என்று நினைக்கிறோம். அந்த இலை, மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று நாலு பெண்கள் விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே நின்ற வீடுகளில் உருவானது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், வாரத்தின் நடுவில், அந்த இலையைப் போட முடியாது. போடவும் வேண்டாம். ராத்திரிக்கு ஒரு பானை, தொட்டுக்க ஒன்று. அதுவே முழுச் சாப்பாடு. இதை நீங்கள் மனதார ஏற்றுக்கொண்டால் அடுப்படி வேலை பாதியாகக் குறையும்.

கொங்கு நாட்டில் இந்த ஒரு பானைக்கு எப்போதும் மரியாதை உண்டு. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து வீடுகளில் 'அரிசியும் பருப்பும்' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. அலமாரிச் சமையலில் முதலில் கற்க வேண்டியது அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம் பருப்பு. இரண்டையும் சேர்த்துக் களைந்து ஊறப் போட்டுவிட்டு நீங்கள் முகம் கழுவி உடை மாற்றுங்கள். அந்த இருபது நிமிஷம் போதும். குக்கரை அடுப்பில் வைத்துக் கடலை எண்ணெய் இரண்டு கரண்டி. கடுகு வெடித்ததும் சீரகம், கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை. பிறகு உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு ஆறேழு பல். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வெங்காயத்தின் ஓரம் சிவந்து, பூண்டின் பச்சை வாடை போய், சமையலறையைத் தாண்டிக் கூடம் வரை மணம் வரும் வரை வதங்கட்டும். இந்தச் சாதத்தின் ருசியில் முக்கால் பங்கு இந்த வதக்கலில் இருக்கிறது. அதன் பின் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார்ப் பொடி, உப்பு. மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் ஊறின அரிசி பருப்பைப் போட்டு மூடினால் மூன்று விசில். புழுங்கலரிசி என்றால் இன்னும் ஒன்றிரண்டு. பிள்ளைகள் குழைவாகக் கேட்டால் தண்ணீரை அரை டம்ளர் கூட்டுங்கள்.

ஆவி தானாக அடங்கட்டும். மூடியைத் திறந்ததும் கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம், தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடும். மேலே ஒரு ஸ்பூன் நெய். சிலர் தேங்காய் எண்ணெய் விடுவார்கள், அதையும் ஒரு முறை விட்டுப் பாருங்கள். தொட்டுக்கத் தயிர் போதும், இல்லையென்றால் சுட்ட அப்பளம். சின்ன வெங்காயம் இல்லாத நாளில் பெரிய வெங்காயம். தக்காளி இல்லாவிட்டால் சாப்பிடும்போது அரை மூடி எலுமிச்சை. எதுவும் கெட்டுப்போகாது.

இது பசியை ஆற்றும் ஏதோ ஒரு கலவைச் சாதம் என்று நினைத்துவிடாதீர்கள். துவரம் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. வளரும் பிள்ளைக்கு இதைவிட எளிமையான நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. காய் இருந்தால் கேரட்டோ பீன்ஸோ அதே குக்கரில் நறுக்கிப் போடுங்கள். இல்லாத ஒரு நாள் ராத்திரிக்காக மனசைப் போட்டு உழற்றிக்கொள்ள வேண்டாம், மறுநாள் ஒரு கீரையில் அதைச் சரிசெய்யலாம்.

வெங்காயம்கூட இல்லாத ராத்திரியும் வரும். அன்றைக்கு வெண்பொங்கல். பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், நெய், பெருங்காயம். இஞ்சி இருந்தால் நல்லது. கத்தியும் பலகையும் எடுக்காமலே முடிகிற சமையல் அது. பொங்கல் காலைக்கு உரியது என்று யாரும் சட்டம் போடவில்லை.

அரிசி உப்புமாவுக்கும் இதே இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பச்சரிசியுடன் ஒரு கைப்பிடி துவரம் பருப்பு, கொஞ்சம் மிளகு, சீரகம் சேர்த்து மிக்சியில் ரவை பதத்துக்கு உடைத்து டப்பாவில் வைத்துவிட்டால் மாதம் முழுக்கக் கைகொடுக்கும். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தாளித்துக் கொதித்த தண்ணீரில் தூவி, சிறு தீயில் மூடி வைத்தால் பொலபொலவென்று வெந்துவிடும். அடியில் பிடிக்கும் அந்தச் செந்நிறக் காந்தலுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

உப்புமா என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிந்தது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்று யோசித்தவர்கள் தொடக்கத்தில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்? உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை, பருப்பு, எல்லாம் நம் அலமாரியில் இருப்பவைதான். லட்சக்கணக்கான பிள்ளைகளின் வயிற்றை நிரப்பிய சாப்பாட்டை நாம் இளக்காரமாகப் பேசக் கூடாது. ஆறிப்போன, எண்ணெய் காணாத, காய் சேராத உப்புமாவைத்தான் யாருக்கும் பிடிக்காது. ரவையை வாசம் வரும் வரை வறுத்து, தண்ணீரை அளந்து விட்டு, சூடாகத் தட்டில் போட்டால் பேச்சு மாறும். வறுத்த ரவையை ஆறவிட்டு டப்பாவில் வைத்தால் வண்டும் சீக்கிரம் வராது.

பருப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலர் கை சலித்துப் போவது இங்கேதான். 'ஆறு விசில் வைத்தும் வேகவில்லை' என்பார்கள். பெரும்பாலும் கையில் குற்றமில்லை. ஒன்று, பருப்பு பழையதாக இருக்கும். நாள்பட்ட பருப்பு எளிதில் மசியாது. அதனால் சின்னக் குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். புதியதைப் பழையதன் தலையில் கொட்டாமல், இருப்பதைத் தீர்த்துவிட்டு டப்பாவைத் துடைத்து நிரப்புங்கள். இன்னொன்று, தண்ணீர். சென்னைப் புறநகரின் போர்த் தண்ணீரில் பருப்பு பிடிவாதம் பிடிக்கும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல் சுவர்களை இறுக்கிவிடுகிறது. பருப்புக்கு மட்டும் குடிதண்ணீர் வையுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மூன்றாவது புளி. புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும், ஆகவே பருப்பு நன்றாக மசிந்த பிறகே புளித்தண்ணீர். சாம்பாரில் நம் பாட்டிமார் அந்த வரிசையை மாற்றாததற்குக் காரணம் இதுதான்.

நேரமே இல்லாத நாளில் துவரம் பருப்பின் பக்கம் போகாதீர்கள், பாசிப்பருப்பை எடுங்கள். ஊற வைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். வெறும் வாணலியில் லேசாக வறுத்து, கழுவி, மஞ்சள்தூளோடு திறந்த பாத்திரத்தில் வைத்தால் இருபது நிமிஷத்தில் மலர்ந்துவிடும். பாதி வெந்தபோது ஒரு தக்காளி, ஒரு பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு சேர்த்து, இறக்கும்போது மத்தால் நாலு கடை கடைந்து, சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுங்கள். சாதத்துக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கும், பல் இல்லாத தாத்தாவுக்கும் அதே பருப்பு. என்னைக் கேட்டால், ஒரு வீட்டில் எது தீர்ந்தாலும் பாசிப்பருப்பு தீரக் கூடாது.

இனி பொடி. சூடான சாதம், நெய், பருப்புப் பொடி: அடுப்பு மூட்டவே தெம்பில்லாத ராத்திரிக்கு இதைப்போல் ஆறுதல் வேறில்லை. கடையில் கிடைக்கிறது, ஆனால் வீட்டில் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. துவரம் பருப்பு ஒரு டம்ளர், கடலைப் பருப்பு அரை டம்ளர், பொட்டுக்கடலை அரை டம்ளர், வரமிளகாய் எட்டு, மிளகு ஒரு ஸ்பூன், பெருங்காயம், உப்பு. சிறு தீயில் தனித்தனியாக வறுக்க வேண்டும். துவரம் பருப்பு சிவக்க நேரமாகும், பொட்டுக்கடலைக்குச் சூடு ஏறினால் போதும். ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும். நன்றாக ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துக்கொண்டு சீக்கிரம் கெட்டுவிடும். ஈரமில்லாத ஸ்பூனைப் போட்டு எடுத்தால் ஒரு மாதம் தாராளமாக வரும்.

புளிக்காய்ச்சலும் அப்படித்தான். எப்போதாவது ஒரு ஞாயிறு நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் பதத்தில் இறக்கி, ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். சாதத்தில் கலந்தால் புளியோதரை. பத்து நிமிஷம் ஊறின கெட்டி அவலில் கலந்தால் புளி அவல். காய் இல்லாத நாளுக்குச் சுண்டைக்காய் வத்தலும் மணத்தக்காளி வத்தலும் இருக்கவே இருக்கின்றன. கடலோரத்துப் பிள்ளைகளுக்குக் கருவாட்டுக் குழம்பை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் கிளம்பும் அவசரத்திலும் ஒரு டம்ளர் தட்டைப்பயறையோ கொண்டைக்கடலையையோ தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால், ராத்திரி குழம்பு பாதி முடிந்த மாதிரி.

ஊறுகாயும் அப்பளமும் மட்டும் அளவோடு இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவுகூட வராது. சாதத்திலும் குழம்பிலும் உப்பு இருக்கும்போது தொட்டுக்கொள்வதிலும் குவிந்தால் கணக்கு எங்கோ போய்விடும். மிஞ்சின சாதத்தையும் கவனியுங்கள். மேடையில் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த சாதத்தை மறுநாள் டப்பாவில் கட்டாதீர்கள். சூடு தாங்கி உயிரோடு இருக்கும் ஒரு வகைக் கிருமி அதில் பெருகி வயிற்றைக் கெடுக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எலுமிச்சைச் சாதத்துக்கு அந்த உதிரிச் சாதம் அருமையாக இருக்கும்.

பிள்ளைகளுக்கென்று தனியாக ஒன்று சமைக்கிற வழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. பெரியவர்களுக்குச் சாதம், குழந்தைக்கு நூடுல்ஸ். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். ஒரே பானையிலிருந்து எல்லோரும் சாப்பிடலாம், வரிசையை மட்டும் மாற்றினால் போதும். பாசிப்பருப்பில் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு வெந்ததும் எடுத்துவிடுங்கள். பிள்ளையின் பங்கை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் வரமிளகாய் தாளியுங்கள். பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளினால் சண்டை வேண்டாம், இன்னொரு நாள் அதே சாப்பாடு திரும்ப வரட்டும். பல பிள்ளைகளுக்கு ஒரு ருசி பல முறை நாக்கில் பட்ட பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கிறது.

அவர்களுக்கு வேலையும் கொடுங்கள். தண்ணீரில் ஊறின சின்ன வெங்காயத்தின் தோல் ஆறு வயதுக் கைக்கும் வந்துவிடும். அவல் களைவது, எலுமிச்சை பிழிவது, கறிவேப்பிலை உருவுவது எல்லாம் அவர்களால் முடியும். தானே உரித்த வெங்காயத்தைத் தட்டில் தேடிப் பார்த்துச் சாப்பிடும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளே, இது உங்களுக்கு. மேலே எழுதிய எதையும் தங்கைகளுக்கு மட்டும் நான் எழுதவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பி, ஒருவர் சோபாவிலும் ஒருவர் அடுப்படியிலும் இருப்பது நியாயமில்லை. 'நானும் ஹெல்ப் பண்றேன்' என்பதும் போதாது, அந்தச் சொல்லில் வேலை இன்னும் அவளுடையதாகவே இருக்கிறது. வாரத்தில் இரண்டு ராத்திரி முழுப் பொறுப்பும் உங்களுடையதாக இருக்கட்டும், பருப்பு தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது உட்பட. எங்கே கற்பது என்று கேட்காதீர்கள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' எழுதியபோது, கேட்டுக் கற்கப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தனிக்குடித்தனம் போனவர்களுக்கு அது கைத்துணையாக இருந்தது. அளவும் முறையும் பார்த்துச் சமைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இன்றைக்கு அம்மாவுக்கு ஒரு போன் செய்தால் போதும். "பருப்புக்கு எவ்வளவு தண்ணிம்மா?" என்று மகன் கேட்டால், அந்தப் பக்கம் எத்தனை சந்தோஷமாகப் பதில் வரும் என்று கேட்டுத்தான் பாருங்கள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை பிரியாணி வாங்குங்கள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். கடை மாவு வாங்கித் தோசை ஊற்றுவதும் வீட்டுச் சமையல்தான், அதற்காக யாரிடமும் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒன்றுமில்லை என்ற நினைப்பில், களைப்பில், வேறு வழியில்லாமல் வாரத்துக்கு நாலு முறை வாங்குவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. பணம் போகிறது. எண்ணெயும் உப்பும் உங்கள் கையில் இல்லை. சாப்பாடு வர ஆகும் நேரத்தில் அரிசியும் பருப்பும் வெந்திருக்கும்.

அடுத்த மாத மளிகைச் சீட்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். எழுதும் முன் அலமாரியில் இருக்கும் டப்பா ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், பழையதை முன்னால் நகர்த்துங்கள், பாசிப்பருப்பு ஒரு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை ராத்திரி உங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும் ஆகட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா